அண்ணன் நிற்க வைத்த தங்கை

கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய மூக்குத்தி, மடியில் வேகவைத்த வேர்க்கடலை. பேசத் தொடங்குமுன் சுற்றியிருந்த எல்லோருக்கும் ஒரு பிடி கொடுத்துவிட்டார். ஊரில் வார்டு மெம்பராம்.

பஞ்சாயத்துத் தலைவர் அவருடைய சொந்த அண்ணன். மற்ற மெம்பர்கள், கிளார்க், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் எல்லோரும் அண்ணனின் ஆட்கள். குழாயில் தண்ணீர் நின்றபோது புகாரை வாங்க ஆளில்லை. ஊரில் குறையே இல்லை என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். இவர் மட்டும் கை தூக்கவில்லை.

“அண்ணன் கோவிச்சுக்கலையா?” என்று கேட்டேன்.

“உன்ன நிக்க வெச்சதே நான்தானேன்னாரு. நிக்க வெச்சது நீ, ஓட்டு போட்டது தெருன்னேன். அல்லாரும் உன் ஆளாவே இருந்தா, நீ தப்பு பண்ணா யாருண்ணா சொல்லுவாங்கன்னு கேட்டேன். ரெண்டு நாள் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்தாரு. அப்பால தண்ணி மோட்டார ரிப்பேர் பண்ணிட்டாரு.”

“அடுத்த எலெக்‌ஷன்ல?”

“என்ன நிறுத்த மாட்டாராம். நானே நின்னுக்கிறேன்னுட்டேன்” என்று சிரித்தார்.

பொன்னேரி வந்ததும் எழுந்தார். அண்ணன் அன்று சாப்பிட வருகிறாராம், நண்டு வாங்க வேண்டுமாம். அந்தத் தலைவருக்கு இருந்த ஆட்களிலேயே உண்மையான ஆள் இவர்தானோ என்று இப்போதும் தோன்றுகிறது.