எல்மர் காய்ச்சாத ஒயின்

எங்கள் ஜனங்கள் குடிக்க மாட்டார்கள், மாமிசம் தொட மாட்டார்கள், துப்பாக்கியைக் கையால் எடுக்க மாட்டார்கள். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் ரஷ்யாவை விட்டுக் கப்பலேறி, கடைசியில் வான்கூவருக்குக் கிழக்கே இந்த ஸ்லோக்கன் பள்ளத்தாக்கில் வந்து சேர்ந்தோம் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒயின் காய்ச்சும் சாமான் கடை வைத்து நான் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறேன். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

மர அறுவை ஆலை மூடிய பிறகுதான் வியாபாரம் சூடு பிடித்தது. வெளியே இடுப்பளவு பனி கிடக்கும். தாடியில் பனியோடு ஒருவர் உள்ளே வந்து, "ஃபென்யா, இந்த வருஷம் செர்ரிப் பழம் நல்லா காய்ச்சிருக்கு, கொஞ்சம் ஒயின் போடலாம்னு" என்பார். மரத்தில் ஓர் இலை இருக்காது. நானும் முகத்தை அசைக்காமல் ஈஸ்ட் பாக்கெட்டையும், ஜாடி வாயில் செருகும் வளைந்த கண்ணாடிக் குழாயையும் எடுத்து வைப்பேன். சர்க்கரை மூட்டையை அவர் வேறு கடையில் வாங்கிக்கொள்வார், அவ்வளவு ஜாக்கிரதை.

விஷயம் இதுதான். சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட்டைப் போட்டு வைத்தால் புளித்து வாயு கிளம்பும். நாம் வெளியே விடும் மூச்சில் இருக்கிற அதே கரியமில வாயு. மூடிய அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்கிற கஞ்சாச் செடிக்கு அது நல்ல தீனி. இன்றைக்கு வீட்டுக்கு நாலு செடி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டையே பிடுங்கிக்கொண்டு போவார்கள். அதனால் ஊரில் பாதி வீடுகளுக்கு அடியில் செடி இருந்தது, எந்த வீட்டிலும் இல்லை.

எல்மர் ரெல்காஃப் வீட்டில் அது சமையலறைக்கு அடியில் இருந்தது. எல்மர் ஆலையில் மரக்கட்டை உருட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆள் மலை மாதிரி. குரல் அதைவிடக் கனம். எங்கள் பாட்டுக்கு வாத்தியம் கிடையாது, வெறும் தொண்டைதான். எல்மர் அடிக்குரலில் சேர்ந்தால் மேஜை மேலிருக்கும் தேநீர்க் கோப்பை நடுங்கும் என்பார்கள். நானே பார்த்திருக்கிறேன், நடுங்கும்.

தம்பி வால்ட் நேர் எதிர். ஒல்லி, வாயாடி. அவன் பாடினால் கோழி ஓடிவிடும். ஆனால் தாளம் மட்டும் அவனுக்கு ரத்தத்தில் இருந்தது. அண்ணன் வீட்டில் பாட்டு ஒத்திகை நடக்கும்போது அவனைக் கீழே செடிகளிடம் அனுப்பிவிடுவார்கள். "நீ இங்க வாயத் தொறந்தா தேவன் எந்திரிச்சுப் போயிருவாரு. கீழ போயி உன் பிள்ளைங்களுக்குப் பாடு" என்பார் எல்மர். வால்ட் சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்குவான். பேசினால் செடிக்கு மூச்சு கிடைக்கும் என்று நம்பி, உண்மையாகவே அவற்றோடு பேசுகிறவன். பிறகு மேலே பாட்டு தொடங்கியதும், துடைப்பக் கட்டையால் கீழேயிருந்து தரையைத் தட்டித் தாளம் போடுவான். விருந்தாளிகள் கேட்டால், "அது தண்ணி பம்பு" என்பாள் அவன் மனைவி பாலி. "எங்க ஊர்லயே தாளம் தப்பாத பம்பு இது ஒண்ணுதான்."

கீழே இறங்கும் பலகைக் கதவின் மேல் கம்பளம் விரித்து, கம்பளத்தின் மேல் நீள பெஞ்சு போட்டிருக்கும். பெஞ்சில் பாட வந்த பெண்கள் உட்காருவார்கள். எங்கள் பெண்கள் ஒன்றும் பூஞ்சை உடம்பு இல்லை.

ஒரு வசந்தத்தில் சமவெளிப் பக்கத்திலிருந்து பெரிய பாட்டுக் குழு ஒன்று வந்தது. வெள்ளை முக்காடு போட்ட, சிரிக்கவே தெரியாத, பழைய வழி தவறாத ஜனம். எல்மர் பதறிப்போனார். உள்ளூர்க்காரர்கள் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வதே மரியாதை என்று தெரிந்தவர்கள். இவர்கள் அப்படியில்லை. நிலவறையின் காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறியின் குழாய், வாசலுக்குப் பக்கத்தில் விறகுக் குவியலுக்குப் பின்னால் வந்து முடிந்தது. வழக்கமாக முட்டைக்கோஸ் சூப்பைக் கொதிக்க வைத்து செடி வாசனையை மறைப்பார். அன்றைக்கு சூப் போதாது என்று நினைத்தார். வண்டிகள் மேடேறி வருவதைப் பார்த்ததும் அடுப்புக்குப் பின்னால் கையை விட்டு விசிறியை நிறுத்திவிட்டார்.

வால்ட் அப்போது கீழேதான் இருந்தான்.

அந்த வருஷம் அவர்கள் ஜாடிகளை விட்டுப் பீப்பாய்களுக்கு மாறியிருந்தார்கள். வாயு கனம், தண்ணீர் மாதிரி கீழே இறங்கும். செடிகள் அதில் குளிக்கட்டும் என்று பீப்பாய்களை உயரமான பலகையில் ஏற்றி வைத்திருந்தார்கள். வாசனை கசியக் கூடாதென்று சுவரெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி, இடுக்கெல்லாம் அடைத்திருந்தார்கள். விசிறி ஓடுகிற வரைக்கும் எல்லாம் சரி. நின்றால் வாயு வெளியே போக வழியில்லாமல் தேங்கி, உள்ளே இருக்கிற ஆளுக்கு மூச்சடைத்துவிடும். அது நின்றது வால்டுக்குத் தெரிந்திருக்கும். வெளியாட்கள் வந்துவிட்டார்கள், கதவைத் திறந்து வெளியே வரக் கூடாது என்று புரிந்துகொண்டு அப்படியே இருந்திருப்பான்.

நான் அன்றைக்குப் போகவில்லை. எனக்கும் பாட வராது. போனவர்கள் சொன்னது: பாட்டு நீண்டுகொண்டே போனது. வந்தவர்கள் ஒன்று பாட, நம்மவர்கள் விடாமல் இன்னொன்று. கீழேயிருந்து பம்பு தாளம் போட்டது. உள்ளூர்க்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடினார்கள். அப்புறம் பம்பு நின்றுவிட்டது.

விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு பெஞ்சை நகர்த்தினார்கள். எல்மர் கையில் மெழுகுவர்த்தியோடு ஏணியில் கால் வைத்தார். பாதி இறங்குவதற்குள் அது தானாக அணைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஏணியின் அடியில் கிடந்தவனைத் தூக்கி வந்தார். வால்டுக்கு உயிர் போயிருந்தது. கையில் துடைப்பக் கட்டை இருந்தது. மருத்துவரைக் கூப்பிடுமுன் பாடகர்களே சேர்ந்து செடிகளைப் பிடுங்கி, ஆற்றங்கரையில் எரித்து, அறையைக் கழுவினார்கள். மருத்துவர் மாரடைப்பு என்று எழுதினார். விசிறியை நிறுத்தியது யாருக்கும் தெரியாது, பாலிக்கும் தெரியாது. எல்மருக்கு மட்டும்தான் தெரியும் என்று எல்மர் நினைத்தார்.

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை, செடியும் வைக்கவில்லை. ஆனால் கடைக்கு வந்தார். ஒரு பாக்கெட் ஈஸ்ட். அது தீர்ந்ததும் இன்னொன்று. எனக்கோ நாக்கு சும்மா இருக்காது.

"என்னய்யா, செடியும் இல்ல, குடியும் இல்ல. இத வச்சு என்னதான் பண்ற? தாடிக்குப் பூசிக்கிறியா?"

அவர் சிரிக்கவில்லை. "கீழ ஒரு ஜாடி வச்சிருக்கேன் ஃபென்யா."

"எதுக்கு?"

"அது களக், களக்குனு விட்டு விட்டு சத்தம் போடும். மேல படுத்திருந்தா கேக்கும். யாரோ மூச்சு விடற மாதிரி." பாக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானை மாட்டினார். "ஒரு வாட்டி சர்க்கரை தீந்து நின்னு போச்சு. என்னால அந்த வீட்டுல இருக்க முடியல. ஆத்தங்கரைக்கு ஓடிட்டேன்."

அன்றைக்குத்தான் விசிறியைப் பற்றி என்னிடம் சொன்னார். வாடிக்கையாளர் யாரும் இல்லை. அந்தப் பெரிய உடம்பு என் கல்லாப்பெட்டி மேல் சாய்ந்துகொண்டது. பாடச் சொன்னால் வாயைத் திறந்ததும் காலுக்கடியில் தட்டுகிற சத்தம் கேட்கிறதாம். சனிக்கிழமை தவறாமல் பாலி ஓடையைத் தாண்டிப் பணியாரம் கொண்டுவந்து கொடுக்கிறாளாம். உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து, வால்டுக்குப் பிடித்த மாதிரி.

"அவ குடுக்கறத வாங்கறப்ப கை எரியுது. சொல்லணும் ஃபென்யா. ஆனா சொன்னா அவ வர மாட்டா. அவளும் வரலைன்னா அந்த வீட்டுல நானும் ஜாடியுந்தான்."

"அப்ப சொல்லாதய்யா," என்றேன். வேறென்ன சொல்வது? அப்படியே வருஷங்கள் ஓடின. சட்டம் மாறியது. எல்லாரும் ஜன்னலோரத்தில் வெட்கமில்லாமல் தொட்டி வைத்தார்கள். எல்மர் மட்டும் அந்த ஒரே பாக்கெட்.

போன இலையுதிர் காலத்தில் பாலி வீட்டை விற்றுவிட்டு வான்கூவரில் மகளோடு போய் இருப்பதாக முடிவு செய்தாள். எங்கள் ஊரில் ஒருவர் நிரந்தரமாகப் புறப்பட்டால் வழக்கம் ஒன்று உண்டு. எல்லாரும் கூடிப் பாடுவோம். மேஜையில் ரொட்டி, உப்பு, தண்ணீர் இருக்கும். போகிறவர் தரை வரை குனிந்து, "என்னை மன்னியுங்கள்" என்பார். நாங்கள் குனிந்து, "தேவன் மன்னிப்பார்" என்போம். என்ன தப்பு என்று யாரும் கேட்பதில்லை. போகும்போது சொல்வது, அவ்வளவுதான்.

பாலி ஒரே பிடியாக நின்றாள்: "எல்மர் வீட்டுலதான் பாடணும்."

எல்மர் கடைக்கு ஓடி வந்தார். "அவ போயிட்டா அப்புறம் எப்பவுமே சொல்ல முடியாது. நீ பக்கத்துல நில்லு ஃபென்யா. நான் ஓடிட்டா சட்டையப் பிடிச்சு இழு."

போனேன். மதிய வெயில் சமையலறையில் விழுந்திருந்தது. கம்பளமும் பெஞ்சும் அதே இடத்தில் கிடந்தன. பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. எல்லாரும் சுவரோரமாக நின்றார்கள். பாட்டு முடிந்து பாலி குனியப் போகுமுன் எல்மர் அறையின் நடுவுக்கு வந்துவிட்டார். பெஞ்சை ஒரே தள்ளில் நகர்த்தினார், கம்பளத்தை உருட்டினார், கதவைத் தூக்கினார். கீழேயிருந்து 'களக்' என்றது. யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விசிறிய நான்தான் நிறுத்தினேன், பாலி. அவன் கீழ இருக்கான்னு தெரிஞ்சே நிறுத்தினேன். வந்தவங்களுக்கு வாசனை தெரியக் கூடாதுன்னு. கொஞ்ச நேரந்தானேன்னு நெனச்சேன்." அவர் மண்டியிட்டு நெற்றியால் தரையைத் தொட்டு நிமிர்ந்தார். "நான்தான் கொன்னேன்."

பாலி குள்ளம். நின்றபடியே அவர் தலைமேல் கை வைக்க முடிந்தது.

"எந்திரி எல்மர். எனக்குத் தெரியும்."

அவர் அசையவில்லை.

"வாசப்படி ஏறும்போதே தெரியும். என்னைக்கும் உன் வாசல் நாறும். அன்னைக்கு வெறும் சூப் வாசனை. விசிறி நின்னுருச்சுன்னு புரிஞ்சுது." அவள் குரல் பணியார மாவைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருந்தது. "இப்ப நான் என் முறையச் செய்யணும். போறவதான குனியணும்? நீ என் எடத்தப் பிடிச்சிக்கிட்ட."

அவள் குனிந்தாள். நாங்களும் குனியத் தயாரானோம். அவள் வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை.

"நான் பெஞ்சுல உக்காந்திருந்தேன். நடுவுல. அவன் தட்டறத கேட்டுக்கிட்டே பாடினேன். அப்புறம் தாளம் தப்பிருச்சு. வால்ட் பொறந்ததுலேருந்து தாளம் தப்பினவன் இல்ல. எனக்கு அது தெரியாதா? அப்புறம் பலகை என் காலுக்குக் கீழ ஒரு வாட்டி அசைஞ்சுது. வந்தவங்க எதிர்ல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் எந்திரிச்சா பெஞ்ச நகத்தணும், இங்க ஒரு கதவு இருக்குன்னு சொல்லணும். இந்தப் பாட்டு முடியட்டும்னு நெனச்சேன்." அவள் நிமிரவில்லை. "என்னை மன்னிச்சுக்கோங்க."

பாடகர்கள் சுவரைப் பார்த்தார்கள். தட்டல் தாளம் தப்பியதை அவர்களும்தானே கேட்டிருப்பார்கள். எனக்கு அவர்கள் ஒவ்வொருவர் மேலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேரும் என் கடையில் ஈஸ்ட் வாங்கினவர்கள்! ஒருவர் வாயைத் திறந்து "கதவைத் திற" என்று சொல்லியிருந்தால் போதும்.

கடைசியில் எல்மர்தான் சொன்னார். தரையில் மண்டியிட்டபடி, அந்தப் பழைய அடிக்குரலில், "தேவன் மன்னிப்பார்."

மேஜையில் கோப்பை நடுங்கியது.

"அவரு மன்னிப்பாரு," என்றாள் பாலி. "வால்ட்?"

பிறகு அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு, அந்த ஏணியில், அவளாகவே கீழே இறங்கினாள். நாங்கள் பதறிக் கூப்பிட்டும் கேட்கவில்லை. ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே வந்தாள். எல்மர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. "நீ போதுமான அளவுக்குப் பாத்துக்கிட்ட," என்றாள். மகளின் காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு மலைப் பாதையில் போனாள். பெட்டி படுக்கையெல்லாம் பின்னால் வேறு வண்டியில் போயிற்று.

எல்மர் கதவைச் சட்டத்தோடு பெயர்த்து எடுத்துவிட்டு மண் கொட்டி மூடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பாடுகிறார். என் கடைப் பக்கம் வருவதே இல்லை, பார்த்தால் தூரத்திலிருந்து தொப்பியைத் தூக்குவார்.

பாலிதான் போன் செய்கிறாள்.

"ஃபென்யா, அதே பாக்கெட் ஒண்ணு அனுப்பு."

"ஏண்டி, அவ்வளவு பெரிய ஊர்ல ஈஸ்ட் கெடைக்காதா?"

"கெடைக்கும். எதுக்குன்னு கேப்பாங்க."

ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில், அவளுக்குப் பின்னால் எங்கேயோ, அந்தக் 'களக்' சத்தம் கேட்கிறது. கடையில் ஆள் வந்திருக்கிறது என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டு, பாக்கெட்டை உறையில் போட்டு விலாசம் எழுதுகிறேன்.