பசியாறாமல் வந்த ஒரே ஆள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜார்ஜ் டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது இது. நான் அப்போது அரசு கிளினிக்கில் தாதி, வருகிறவர்களுக்கெல்லாம் மிஸ்ஸி. பினாங்கு மாநிலம் முழுக்க உடல் பருமன், இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு என்று பிரச்சாரம் நடந்துகொண்டிருந்த காலம். நம் ஆட்களைக் கிளினிக் பக்கம் இழுத்து வருவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். சரி, கோயிலுக்கே போய்விடுவோம் என்று யோசனை சொன்னது நான்தான். நோட்டீஸ் எழுதி ஒட்டியதும் நான்தான். இலவச ரத்தப் பரிசோதனை, காலையில் பசியாறாமல் வரவும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்.

கூட்டம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஆனால் எவராவது வெறும் வயிற்றோடு வந்தால்தானே! கேட்டால் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்வார்கள். இன்னும் கொஞ்சம் தோண்டினால் இரண்டு ரொட்டி சானாய் வெளியே வரும். "தே குடிச்சதெல்லாம் ஒரு கணக்கா மிஸ்ஸி, தண்ணிதானே லா" என்றார் டீக்கடையிலிருந்து நேராக வந்த ஒரு பெரியவர். எடை பார்க்கும் அம்மாக்களோ வளையல், சங்கிலி, கைப்பை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினார்கள். அப்படியும் முள் நகர்ந்தால் மெஷின் கோளாறு என்றார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இது போதாதென்று ரத்தம் எடுக்க வரவேண்டிய ஆய்வுக்கூடத்து ஆட்கள் வரவில்லை. அவர்களுடைய வேன் அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஃபெரிக்கு வரிசையில் நிற்கிறதாம். எட்டு மணி என்று சொன்னது, ஒன்பதரை ஆகிவிட்டது. அதற்குள் கோயில் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் பெரிய தட்டில் கேசரியும், பால் கெட்டியாக ஊற்றிய தேயும் கொண்டுவந்து வரிசையில் இருந்தவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கோயிலுக்கு வந்தவர்களைப் பட்டினி போடுவதா என்பது அவர் கேள்வி. எனக்கு வந்ததே கோபம்! இத்தனை பேர் முன்னால் அவரைத் திட்டிவிட்டேன். அந்த அக்கா எல்லாவற்றையும் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் எனக்கு ஆறுதல். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவர், ஐம்பது வயதிருக்கும். இரண்டு வருடமாக இனிப்புநீருக்கு எங்கள் கிளினிக்கில்தான் மாத்திரை வாங்குகிறார். நான் எதைச் சொன்னாலும் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொள்வார். அன்றைக்கு ஆறரைக்கே வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முந்தின ராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை.

பத்து மணி வாக்கில் ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்க அவரிடம் போனேன். பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார். பெயரைக் கேட்டால் என்னென்னவோ உளறினார். எழுந்தவர் தடுமாறிப் பக்கத்து நாற்காலியைத் தள்ளிவிட்டார். அடப்பாவி, நீயுமா என்று இருந்தது எனக்கு. "என்னண்ணே, கோயிலுக்கே தண்ணி போட்டுட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டேவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் வேறு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

இரண்டு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. குடித்த வாடையே இல்லையே! ஓடிப்போய்க் கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. "அண்ணே, காலையில மாத்திரை போட்டீங்களா?" என்று உலுக்கினேன். ஆமாம் என்று தலை மட்டும் ஆடியது. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உள்ளே போயிருக்கிறது, அது குறைக்கிறதற்கு வயிற்றில் ஒரு பருக்கை இல்லை. பையிலிருந்த சின்னக் கருவியில் விரல் ரத்தத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு புள்ளி ஒன்று. எங்கள் ஊர்க் கணக்கில் சர்க்கரை நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மனிதர் நினைவு தப்பியிருப்பார், அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

"அக்கா, தே! சீனி நிறைய!" என்று நான் போட்ட கத்தலில் அந்த அக்கா டம்ளரோடு ஓடி வந்தார். வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். இரண்டாவது டம்ளரில் கண் தெளிந்தது. கால் மணி நேரத்தில் தானே நிமிர்ந்து உட்கார்ந்து, ஈரச் சட்டையைப் பார்த்து வெட்கப்பட்டார். அந்த அக்கா என்னை ஒரு சொல் குத்திக் காட்டவில்லை, அவருக்கு விசிறிக்கொண்டே இருந்தார்.

மாத்திரையை ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன், அப்போதும் கொஞ்சம் அதட்டலாகத்தான். அவர் அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அதில் இப்படி எழுதியிருந்தது: வானமே இடிந்து விழுந்தாலும் காலை மாத்திரையை விடக்கூடாது, மிஸ்ஸி சொன்னது. நாலு பக்கம் தள்ளி, ஞாயிறு பசியாறாமல் போகவும், மிஸ்ஸி சொன்னது. "ரெண்டுமே நீங்க சொன்னதுதானே மிஸ்ஸி. ரெண்டையும் செஞ்சேன்" என்றார். குரலில் துளி கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காலை முழுக்கச் சொன்ன பேச்சைக் கேட்காதவர்களைத் திட்டித் தீர்த்தேன். அவர்கள் எல்லாரும் ரொட்டி சானாய் தின்றுவிட்டுக் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கேட்ட ஒருவரைத்தான் நான் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அவரைக் குடிகாரன் என்று வேறு சொல்லிச் சிரிக்க வைத்தேன். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு நோட்டீஸிலும் ரத்தம் கொடுத்து, சாப்பிட்ட பிறகே மாத்திரை என்று ஒரு வரி இருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இப்போதும் யாராவது மருந்து பற்றிக் கேட்டால் என் பேச்சைக் கேட்காமல் போய்விடுவார்களோ என்று எனக்குக் கவலையே இல்லை. அப்படியே கேட்டுவிடுவார்களே என்றுதான் பயமாக இருக்கிறது.