அடிப்பாதத்து நீலம்

உங்கள் அடிப்பாதத்தைக் கடைசியாக எப்போது திருப்பிப் பார்த்தீர்கள்? நாள் முழுக்க நின்று உழைக்கிற நம்மில் யாரும் பார்ப்பதில்லை. எண்பதுகளில் ஓசூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் ஆயாவாக இருந்த எனக்கோ, அடுத்தவர் பாதம் பார்ப்பதுதான் பிழைப்பாக இருந்தது.

புளிப்பத்து

அடிபட்ட கால் எதுவும் வெறும் காலாக வராது. புளியையும் உப்பையும் கொதிக்கவைத்துப் பத்துப் போட்டு, துணி சுற்றித்தான் வரும். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுவது என் வேலை. அப்போது இரண்டு வயசான என் மகளுக்கு முகம் கழுவுவதைவிட இது தேவலை. அடிபட்டவர்கள் கத்துவார்கள், ஓட மாட்டார்கள்.

பாதத்தின் நடுவில் எலும்பு விலகுவது அபூர்வம். சுளுக்கு மாதிரியே இருக்கும், எக்ஸ்ரேயிலும் ஏமாற்றும் என்பார் டாக்டர். அடிப்பாதத்தில் ரத்தம் கட்டியிருந்தால் சந்தேகப்படணுமாம். "மேல வீக்கத்த நான் பாத்துக்கறேன். கீழ நீலம் இருந்தா நீ சொல்லு, போதும்."

மூன்று நாள் ஓய்வு

முனிராஜ் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முன்பாதம் சாக்கடைக் கம்பியில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னால் விழுந்திருக்கிறது. தற்காலிக வேலை. இன்னும் மூன்று வாரத்தில் பர்மனென்ட் ஆகணும். மனைவி லட்சுமி அவனைத் தெலுங்கில் திட்டிக்கொண்டே என்னிடம் தமிழில் கெஞ்சினாள்.

கழுவினேன். அடியில் கருப்பாக ஒரு திட்டு. மெஷின் ஆயிலும் புளியும் சேர்ந்த கறை என்று நினைத்துத் தேய்த்தேன். அலறினான். விட்டுவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. படுக்கவைத்து எடுத்த படத்திலும் ஒன்றும் தெரியவில்லை. சுளுக்கு, மூன்று நாள் ஓய்வு என்று சீட்டு எழுதினார். லட்சுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எலும்புன்னு எழுதியிருந்தா நாளைக்கே கம்பெனி கேட்டுக்கு வெளிய நிறுத்தியிருப்பாங்கக்கா. நீங்க நல்லா இருக்கணும்."

நிற்கவைத்த படம்

மூன்றாவது வாரம் திரும்ப வந்தான். ஷூ ஏறவில்லை. டாக்டர் இரண்டு காலையும் ஊன்றி நிற்கவைத்துப் படம் எடுத்தார். அடிபட்ட காலில் பெருவிரலுக்குப் போகிற எலும்புக்கும் பக்கத்து எலும்புக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும். கறையைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "அன்னைக்கே கம்பி போட்டு சேத்திருக்கலாம்மா. இப்ப சேத்தாலும் பழைய கால் வராது."

பெங்களூர் போய் ஆபரேஷன் செய்து, இரண்டு மாதம் மாவுக்கட்டில் கிடக்கணும். முனிராஜ் முடியாதென்று தலையை ஆட்டினான். மறுநாள்தான் பர்மனென்ட்டுக்குக் கம்பெனி டாக்டர் பார்க்கிறாராம். "அது முடியட்டும் சார்."

அதற்கப்புறம் கறையென்று தோன்றுகிற எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுவேன். கடைசிவரை எல்லாம் வெறும் கறைதான்.

அந்தப் படம் எடுத்த அன்று நான் துணிக்கட்டுப் போட்டு முடித்தேன். லட்சுமி அவன் முன்னால் குத்தவைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் கேட்டாள். ஓசூரில் அது யாருக்குப் புரியாது?

"நாளைக்கு கம்பெனி டாக்டர் ரூம் கதவுல இருந்து அவர் மேஜை வரைக்கும் மட்டும் நொண்டாம நடந்துருங்க."