கரடியின் பிடியில் கூப்பிட்டேன்

என் முகத்தைப் பார்த்து யாரும் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். இதைக் கிழித்தது ஒரு கரடி. என்னை மீட்டவர் இயேசு. அதைச் சொல்லத்தான் இந்தச் சபை நடுவே எழுந்து நிற்கிறேன்.

ஜவ்வாது மலைதான் எங்கள் ஊர். என் மகள் காய்ச்சலில் போன பிறகு எனக்குள்ளே எல்லாம் காய்ந்துவிட்டது. அழுகைகூட வரவில்லை. ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். முழங்கால் போடுவேன், வாயில் ஒரு சொல்லும் வராது. என் கணவரின் அண்ணன் மனைவி குப்பம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். "நம்ம சாமிய வுட்டுட்டுப் போனவ என் வூட்டுப் பக்கம் வராத" என்றாள்.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு. பண்டிகைக் கூட்டத்தின் நடுவே இயேசு எழுந்து நின்று, தாகத்தோடு இருப்பவர்களைத் தம்மிடம் வந்து குடிக்கச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார் என்று போதகர் பேசினார். கல் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை புளி பொறுக்கப் போனேன். புதருக்குள் குட்டியோடு தாய்க்கரடி. ஓட நேரமில்லை. ஒரே அறை. கன்னம் கிழிந்து தொங்கியது. விழுந்தேன். மேலே ஏறித் தோளைக் கடித்தது. எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. வாயெல்லாம் ரத்தமும் மண்ணும். அப்போதுதான் அத்தனை மாதம் வராத சொல் வந்தது.

"ஏசப்பா! வந்துட்டேன், என்ன வுட்றாத!"

அழகான ஜெபம் இல்லை. அலறல்.

பக்கத்துக் கொல்லைக்காட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்த குப்பம்மா அதைக் கேட்டுக் கொடுவாளோடு ஓடி வந்தாள். "வுடு அவள! வுடு!" என்று கத்திக்கொண்டே கரடியின் முதுகில் வெட்டினாள். அது திரும்பி அவள் கையைக் கிழித்தது. அவள் பின்வாங்கவில்லை. அதன் மூக்கிலேயே வெட்டினாள். கரடி உறுமிக்கொண்டு குட்டியிடம் ஓடியது.

தன் சேலையைக் கிழித்து என் முகத்தைக் கட்டினாள். அவள் ரத்தம் என் மார்பில் சொட்டியது.

"கண்ண மூடாதடி. ஒன் ஏசப்பாவ இன்னும் கூப்புடு" என்றாள்.

ஊர் ஆண்கள் எங்களைத் தூளி கட்டி ரோடுவரை தூக்கிவந்தார்கள். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். தையல் போட்ட மறுநாள் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, நிற்கவே இல்லை.

"இன்னாடி, வலிக்குதா?"

"இல்லக்கா. பாப்பாவ நெனச்சு அழுவுறேன்."

குப்பம்மா கட்டுப்போட்ட கையோடு என் கட்டிலுக்கு வந்து, என்னைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். அழ அழ என் உள்ளே ஏதோ ஊறியது. குடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ஜெபித்தேன். சொல் தானாக வந்தது.

குப்பம்மா இன்றும் அவள் சாமியைத்தான் கும்பிடுகிறாள். சாமைச் சோறு ஆக்கினால் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கிறாள். என் அலறலுக்கு ஆண்டவர் அவளைத்தான் அனுப்பினார். அவளிடமே சொன்னேன், சிரித்தாள், மறுக்கவில்லை.

உங்களில் யாராவது உள்ளே காய்ந்துபோய், எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லையே என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து கேளுங்கள். நான் நடந்து அவரிடம் போகவில்லை. விழுந்த இடத்திலிருந்து கத்தினேன். அவர் அங்கேயே வந்தார். நீங்களும் கூப்பிடுங்கள்.