முளைப்பாரி அறையும் பெரியம்மாவின் தூக்கமும்

எங்கள் பெரியம்மாவுக்குக் கோபம் என்று ஒன்று வந்ததே ஐம்பது வயதுக்குப் பிறகுதான். அதுவரை இருக்கிற இடம் தெரியாமல் இருந்தவர், திடீரென்று ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஃபேனை யார் நிறுத்தியது என்று பெரியப்பாவோடு மல்லுக்கு நின்றார். ராத்திரியெல்லாம் தூங்காமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். இராமநாதபுரம் பக்கத்தில் வேர்க்காத ஆள் யார்? வெயில்தான் என்று சொல்லிவிட்டார்கள். மார்கழியிலும் அவருக்கு வேர்த்தபோதுதான் பெரியப்பா பயந்துபோய் டவுனுக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு டாக்டரம்மா, மாதவிலக்கு நின்ற வயதில் சிலருக்கு இப்படி ஆகும் என்று பரிசோதனையெல்லாம் செய்து ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். மார்பு வலிக்கலாம், தலை கனக்கலாம், இரத்தம் பட்டால் உடனே வந்து காட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். மார்பும் வலித்தது, தலையும் கனத்தது. ஆனால் பெரியம்மா தூங்கினார். காலையில் எழுந்து பெரியப்பாவைக் கேலி செய்தார். எங்களுக்குப் பழைய பெரியம்மாவைவிட இந்தப் பெரியம்மாவைத்தான் பிடித்துப்போனது.

பங்குனியில் அம்மன் கோயில் முளைப்பாரி வந்தது. பயறு விதைத்த சட்டிகளை இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பவர், மாதவிலக்கு நின்ற பெண்ணாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். வயதுக்கு வராத பிள்ளைகளும் உள்ளே போகலாம். இத்தனை வருஷமும் பெரியம்மா அந்த அறையை வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறார். நமக்கு எப்போது நிற்கும், நாம் எப்போது உள்ளே போவோம் என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த வருஷம் ஊர் அவரைக் கூப்பிட்டது. மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு எட்டு வயது. தலைகால் புரியவில்லை.

பயறு வெடித்து முளை தலை நீட்டிய அன்று, பெரியம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"நீ போயித் தெளி தாயி, நான் இங்கன நிக்கிறேன்."

குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதாக நினைத்துச் சட்டி சட்டியாகத் தெளித்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குள் பெண்கள் கூடியிருந்தார்கள். தனக்கு மறுபடி தீட்டுப் பட்டுவிட்டதாகப் பெரியம்மாவே சொல்லியிருக்கிறார். மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

"அடியாத்தி! எல்லாம் அந்த மாத்திரையாலதான். விட்டுத் தொலைக்கா. அம்மன் காரியத்த விட மாத்திரையா பெருசு?" என்றார் என் அம்மா.

பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மனப் பாக்க ஊரே இருக்கு. நான் ராவெல்லாம் நடந்தப்ப யாருடி இருந்தா? மாத்திரைய விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

மறுநாள் டவுனில் ஸ்கேன் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மருந்து உடம்புக்குப் பழகும்வரை சிலருக்கு இப்படிப் படும் என்று டாக்டரம்மா மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார். முளைப்பாரி அறைக்கு வேறொரு அம்மாள் வந்தார். எனக்கோ மானமே போய்விட்டது. போயும் போயும் ஒரு மாத்திரைக்காக அம்மனை விட்டுவிட்டாரே என்று பெரியம்மாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

முளைப்பாரியை ஊருணித் தண்ணீரில் கரைக்க எடுத்துப் போன சாயங்காலம், எங்கள் தெருவுக்குள் குலவைச் சத்தம் நுழைந்தது. பயிர் வெளிர் மஞ்சளாக முழங்கை உயரம் வளர்ந்திருந்தது. அதையாவது வந்து பார்க்கட்டும் என்று கோபத்தை மறந்து பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். அவர் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மேளமும் குலவையும் வாசலைத் தாண்டிப் போயின. அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உலுக்கி எழுப்பப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பாத தாயி. தூங்கட்டும்."

பெரியப்பாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தெருவில் சாமி போகும்போது ஒருத்தி தூங்குவதையும், அதைப் பார்த்துக்கொண்டு ஒருவர் அழுவதையும் நான் அதற்கு முன் கண்டதில்லை. தூசிதான் விழுந்திருக்கும் என்று நினைத்து, கண்ணை ஊதிவிடட்டுமா பெரியப்பா என்று கேட்டேன்.