ஆமத்தூர் வரை போகாத வேன்

எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கருகே பிடித்தால் வாந்தி நின்றுவிடும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நம்பி மடியில் உட்கார வைத்திருந்த என் நான்கு வயதுத் தம்பி, பழத்தை நன்றாக மோந்து பார்த்துவிட்டு என் பாவாடையிலேயே எடுத்தான். அந்தப் புளித்த வாடையும், எலுமிச்சை வாசனையும், அப்பாவின் சட்டையை விட்டு எந்த நாளும் போகாத அச்சு மை வாடையும் சேர்ந்ததுதான் எனக்குப் 'புதையல் வேட்டை'. சின்னப் பிள்ளைகளைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போட்டிக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அலுப்புத்தான் வருகிறது.

சிவகாசியில் காலண்டர் சீசன் முடிந்து பொங்கலும் கழிந்தால் அச்சகக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில் ஊர்ச் சங்கத்தார் குடும்பங்களுக்கென்று வைத்த போட்டி அது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு துப்புச் சீட்டு கிடைக்கும். அதிலிருக்கும் விடுகதையை அவிழ்த்து, அடுத்த இடம் எதுவென்று கண்டுபிடித்து வண்டியை விட வேண்டும். சீட்டுகளை அச்சடித்துக் கொடுத்ததே எங்கள் அப்பா என்பதால் நாங்கள் போவதாகவே இல்லை. அம்மாதான் தானாகப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். வண்டி ஓட்டுவதைத் தவிர அப்பா வாய் திறக்க மாட்டார் என்றதும் சங்கத்தாரும் சரி என்றுவிட்டார்கள், அவருடைய சொல்லுக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு.

அம்மாவின் படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. தினமும் மதியம் பாத்திரம் கழுவி வைத்த கையோடு பத்திரிகையின் குறுக்கெழுத்தை ஒரு கட்டம் மிச்சமில்லாமல் போடுவாள், அதை யாரும் கண்டுகொண்டதில்லை. டிகிரி முடித்த அத்தை வரும்போதெல்லாம், "மதினிக்கு என்ன, வீட்டுலதான இருக்காக" என்பாள். அந்த அத்தையின் காரும் போட்டியில் இருந்தது. ஒரே ஒரு தடவை தன் மூளையால் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு அம்மாவுக்கு வேறு ஆசையே இல்லை. வேனில் ஏறியதும் அப்பாவிடம் மறுபடி சொன்னாள்: "நீங்க ஓட்டுனாப் போதும். ஒரு வார்த்தை சொல்லிறக் கூடாது."

முதல் சீட்டை அவள் வாசித்து, ஆலங்குளம் சிமெண்டு ஆலை வாசல் என்று சொன்னபோது எனக்குத் திக்கென்றது. எனக்கு அப்போது பத்து வயது. என் கணக்கு நோட்டுக்கு அட்டை போட அச்சகத்திலிருந்து ஒரு கழிவுத் தாளை உருவிக்கொண்டு வந்திருந்தேன். சிவகாசிப் பிள்ளைகளின் நோட்டெல்லாம் அப்படிப்பட்ட தாள்களைத்தான் போர்த்திக்கொண்டிருக்கும். அதன் உட்புறத்தில் வரிசையாக ஆறு இடங்கள் அச்சாகியிருந்தன, ஆலங்குளம்தான் முதலில் இருந்தது. சங்கத்தாருக்கென்று அடித்த விடைத் தாள் அது என்பது எனக்கு வேனுக்குள்தான் உறைத்தது. கம்பெனித் தாளைக் கேட்காமல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அப்பா எங்களுக்குப் போட்டிருந்த ஒரே கட்டளை, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா வெளுத்து வாங்கினாள். சாத்தூரில் எங்களுக்கு முன்னால் வந்தது ஒரே வண்டிதான். ஆனால் தம்பி இரண்டு தடவை ஒன்றுக்குப் போக நிறுத்தச் சொன்னான், ஒரு தடவை சும்மா நிறுத்தச் சொன்னான், சேவுக்கு அழுதான், வாங்கிக் கொடுத்த சேவைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தான். விருதுநகரில் கிடைத்த ஐந்தாவது சீட்டில், தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீருக்குக் காவல் நிற்பவரைத் தேடு என்றிருந்தது. அம்மா தண்ணீர்த் தொட்டி வாட்ச்மேன் என்று முடிவு கட்டினாள். அந்த வெயிலில் தொட்டி தொட்டியாக ஊரைச் சுற்றினோம். அப்பா அவள் கை காட்டிய பக்கமெல்லாம் வண்டியைத் திருப்பினாரே தவிர முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் காட்டவில்லை. அத்தையின் கார் எதிரே வந்து, தேடிக்கொண்டே எங்களைக் கடந்து போனது. தம்பி வீட்டுக்குப் போகணும் என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். எனக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது.

"ஆமத்தூர் கண்மாய்க் கரை அய்யனாரும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "பிள்ளகிட்டச் சொல்லி வச்சீகளா? என்னால முடியாதுன்னு அம்புட்டு நிச்சயமா?"

"நான் சொல்லல" என்றார் அப்பா. கண்ணாடி வழியாக என்னை ஒரு தரம் பார்த்தார். நான் குனிந்து தம்பியின் வாயைத் துடைத்தேன். அம்மா சீட்டை நான்காக மடித்து அவர் முன்னால் வைத்து, வீட்டுக்கு விடச் சொன்னாள்.

அந்த வாரம் என் கணக்கு நோட்டுக்குப் புது அட்டை போட்டிருந்தது, வெறும் காக்கித் தாளில். அப்பாதான் போட்டிருக்க வேண்டும். என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடி வாங்குவேன் என்றோ என்னவோ, அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மா குறுக்கெழுத்துப் போடுவதை விட்டாள். அப்பா ஒன்று சொன்னால் பக்கத்தில் இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்தது. நான் பெரியவளாகி, கல்யாணமாகி, சொல்லலாம் சொல்லலாம் என்றே காலம் போய்விட்டது.

அப்பா போய் நாலு வருடமாகிறது. இப்போதும் போட்டி நடக்கிறது. அச்சடித்த சீட்டு கிடையாது, எல்லாம் செல்போனில் வருகிறது. மேப் வழி சொல்கிறது, டீக்கடையில் இறங்கி யாரும் யாரையும் கேட்பதில்லை. போன ஞாயிறு என் பிள்ளைகள் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கிளம்புமுன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனவள், எந்தத் தெம்பு வந்ததோ தெரியவில்லை, அந்தத் தாளைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "நீதான்னு அவுகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

வாசலில் பிள்ளைகள் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில கடைசியா உங்கப்பா, தனக்கு வலி இல்லன்னு சொன்னாக" என்றாள். "அதையும் நான் நர்சுகிட்டப் போய்த்தான் கேட்டேன், தாயி."