எல்லாக் கட்டத்திலும் டிக்

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது மகளின் பழைய பையிலிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. பிரித்ததும் கற்பூர வாசனை. என் கையெழுத்தில் ஒரு பட்டியல்: கவுன் இரண்டு, சீப்பு, வீட்டுச் செருப்பு, கரடி பொம்மை. பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் டிக்.

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. மளிகைச் சாமானுக்கே மூன்று பட்டியல் போடுகிறவள் என்று நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இப்படிப் பட்டியல் போடத் தொடங்கியது விவாகரத்தான முதல் வருஷத்தில். பௌர்ணமிக்கு முந்தைய நான்கு நாட்கள் மகள் கீழ்பென்னாத்தூரில் அவள் அப்பாவிடம் இருப்பாள். மாதம் தவறாமல் கிரிவலம் வருகிறவர் அவர். அதனால் பௌர்ணமி சாயங்காலம், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் ஒரு சுக்குக்காப்பிக் கடை முன்னால் அவளை என்னிடம் விடுவது என்று ஏற்பாடு. அத்தனை கூட்டத்தில் எங்களை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? நல்ல யோசனை என்று நானே மெச்சிக்கொண்டேன். கூட்டம் ஏறினால் செல்போனில் டவர் போய்விடும் என்பதை மட்டும் எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. செத்த போனைப் பிடித்துக்கொண்டு, கடந்துபோகும் வெறுங்கால்களுக்கு நடுவே இரண்டு சின்னக் கால்களைத் தேடி நிற்பேன். ஒவ்வொரு மாதமும், இன்றைக்கு வரமாட்டாள் என்றே தோன்றும்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து டிக் போடுவேன். முதல் மாதம் சீப்பு வரவில்லை. அடுத்து ஒரு கவுன். அப்புறம் செருப்பு. ஒருமுறை தவறினால் மறதி. மூன்றுமுறை என்றால் திட்டம். இப்படித்தான் என் தொழில் பழக்கியிருந்தது. ஒவ்வொன்றாக அங்கே குடியேறுகிறது, கடைசியில் குழந்தையும்.

வக்கீலம்மாவிடம் தாள்களைக் கொடுத்தேன். “பத்திரமா வெச்சுக்கறேன். பாப்பா இங்கயே செட்டிலாயிட்டானு நாளைக்கே அவங்க தரப்புல சொல்லுவாங்க,” என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நான்காம் மாதம் கரடி வரவில்லை. கரடி இல்லாமல் அவள் தூங்கமாட்டாள். கடை முன்னாலேயே பையைக் கொட்டிவிட்டேன்.

“பொம்மையக்கூட விட மாட்டீங்களா?”

“நான் எதுக்கு எடுக்கப்போறேன்? உன் செக்கிங்லாம் ஆபீஸோட வெச்சுக்க.”

“சாமி கும்புட வந்த எடத்துல எதுக்கும்மா,” என்றார் கடைக்காரம்மா, காப்பியை ஆற்றியபடியே.

மகள் தரையில் கிடந்த கவுனை மடித்துக்கொண்டிருந்தாள். “நான்தான் வெச்சுட்டு வந்தேன். எதுனா ஒண்ணு அங்க இருந்தா அப்பா என்னை மறக்கமாட்டாருல்ல.”

மறுநாளே வக்கீலம்மாவிடமிருந்து தாள்களைத் திரும்ப வாங்கிவந்துவிட்டேன். பிறகு பையில் எதையாவது ஒன்று கூடுதலாகவே வைப்பேன், கட்டம் போடாமல்.

போன வருஷம் அவர் மறுமணம் செய்துகொண்டார். அதற்கடுத்த பௌர்ணமியில் பையோடு ஒரு பெரிய கட்டைப்பையும் வந்தது. சீப்பு, சின்னதாகிப்போன கவுன், செருப்பு, கரடி, நான் கூடுதலாக வைத்தவை எல்லாம்.

“வீட்ல எடம் கம்மியா இருக்கு,” என்றார், மலையைப் பார்த்துக்கொண்டு. “அடுத்த மாசம் போன் பண்றேன்.”

அன்றிரவு பழக்கதோஷத்தில் டிக் போட்டேன். அதுதான் இந்தத் தாள்.

எங்கள் காலண்டரில் மகள் பௌர்ணமிக்கெல்லாம் சிவப்பு ஸ்கெட்சால் வட்டம் போட்டு வைப்பாள். இந்த வருஷக் காலண்டரில் ஒரு வட்டமும் இல்லை. கரடி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அது இல்லாமலே தூங்குகிறாள்.